இழைச் செயலுருபு

சி மொழி நிரலில் ஒரு திரெட்டை (நிரலுக்குள் இணையாக ஓடும் தனி வேலைத் தொடரை) தொடங்கும்போது அதனிடம் ஒப்படைக்கும் தரவே ‘திரெட் ஆர்கியுமென்ட்’. தமிழில் இழைச் செயலுருபு.

‘திரெட்’டின் வேரில் முறுக்குதல் என்ற பொருள் இருக்கிறது; முப்புரி நூலின் ‘புரி’யும் அதுவே. ஆனாலும் கணினித் தமிழில் ‘இழை’ நிலைத்துவிட்டதால் அதையே ஆளலாம். ‘ஆர்கியுமென்ட்’ பிறந்தது லத்தீனில்: தெளிவாக்கு, நிறுவு என்று பொருள்படும் வினை. நிரலாக்கத்துக்கு வந்தது கணிதப் பொருள், அதாவது சார்புக்குக் கொடுக்கும் மதிப்பு. எனவே ‘வாதம்’ என்று பெயர்ப்பது பிழை. கொடுக்கும் இடத்தில் செயலுருபு, வாங்கும் இடத்தில் அளபுரு (பாராமீட்டர்).

சாதாரணச் செயற்கூறுக்கு (ஃபங்ஷன்) மதிப்புகள் நகலாகப் போகும், எத்தனை வேண்டுமானாலும். இழைக்கு ஒரே வழிதான்: இழையைத் தொடங்கும் பிதிரெட்_கிரியேட்டின் நான்காம் இடத்தில் தரும் வாய்டு சுட்டி, அதாவது எந்த வகைத் தரவையும் காட்டக்கூடிய நினைவக முகவரி. நகலாவது முகவரி, அங்கே இருக்கும் தரவு நகலாவதில்லை. பெரும்பாலான பிழைகளுக்கு இதுவே ஊற்று.

இழைகளைத் தொடங்கும் மடக்கின் (லூப்) எண்ணியான ‘ஐ’யின் முகவரியைப் பத்து இழைகளுக்கும் கொடுத்துப் பாருங்கள். ஓர் இழை எழுந்து படிப்பதற்குள் மடக்கு ‘ஐ’யைக் கூட்டியிருக்கும், சில எண்கள் இருமுறை வரும், சில வரவே வராது. சி மொழியின் சி11 தரத்தில் இது தரவுப் போட்டி (ஒருவர் எழுதும் இடத்தை இன்னொருவர் ஒழுங்கின்றிப் படிப்பது), வரையறுக்கப்படாத நடத்தை; விளைவு எதுவாகவும் இருக்கலாம். இடையில் ‘ஸ்லீப்’ (சற்று நிறுத்தி வைக்கும் அழைப்பு) போட்டு மறைப்பது தீர்வே அல்ல. சுமை கூடும் நாளில் பிழை திரும்பி வரும்.

சரியான வழி, இழை ஒன்றுக்கு ஒரு ஸ்ட்ரக்சர் (பல மதிப்புகளைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு). அவற்றை அணியாக (அரே) வைத்து, ஒவ்வோர் இழைக்கும் அதனதன் உறுப்பின் முகவரியைத் தர வேண்டும். இழை முடியக் காத்திருக்கும் பிதிரெட்_ஜாயின் முடியும்வரை அந்த அணி உயிரோடு இருக்க வேண்டும். அணியை அறிவித்த செயற்கூறு அதற்குமுன் திரும்பிவிட்டால் சுட்டி செத்த இடத்தைக் காட்டும். காத்திருக்க முடியாதென்றால் மாலாக் கொண்டு நினைவகம் ஒதுக்கி, விடுவிக்கும் பொறுப்பை இழையிடமே விடுங்கள். பிதிரெட்_கிரியேட் சுழியம் அல்லாத எண்ணைத் திருப்பினால் இழை பிறக்கவில்லை. அப்போது தொடங்கியவரே விடுவிக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

ஒற்றை முழு எண் மட்டும் என்றால் இன்ட்பிடிஆர்_டி (சுட்டியைக் கொள்ளும் அளவுள்ள முழு எண் வகை) வழியாகச் சுட்டியாக மாற்றி அனுப்புவது நடைமுறையில் ஓடும். ஆனால் சி தரம் உறுதி தருவது சுட்டியை எண்ணாக்கி மீட்பதற்கே, எண்ணைச் சுட்டியாக்கி மீட்பதற்கு அல்ல.

தொடங்குமுன் ஸ்ட்ரக்சரில் எழுதியவை இழைக்குத் தெரியும் என்பதற்கு, பிதிரெட் அழைப்புகளை வகுத்த தரமான போசிக்ஸின் உறுதியுண்டு. தொடங்கியபின் அதைத் திருத்த வேண்டுமென்றால் இரு பக்கமும் மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டும் விடும் பூட்டு) பூட்டித் தொட வேண்டும்.