எந்த டாக்டரிடம் முதலில் போவது?

வேலூர்க்காரர்களுக்கு ஆஸ்பத்திரி தூரமில்லை. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஜனங்கள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். நமக்கு சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஒரு டவுன் பஸ் தூரம். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் எல்லாம் இருந்தும், காட்பாடி பக்கம் பொது மருத்துவம் பார்க்கும் என்னிடம் வருகிறவர்களில் பலர், தங்கள் நோய்க்குச் சம்பந்தமில்லாத டாக்டரிடம் வாரக்கணக்கில் அலைந்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

காரணம் எளிமையானது. தலை சுற்றினால் நரம்பு டாக்டர், முதுகு வலித்தால் எலும்பு டாக்டர், நெஞ்சு படபடத்தால் இதய டாக்டர் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுகிறோம். ஸ்பெஷலிஸ்ட்டை நாமே தேர்ந்தெடுக்கும்போது, நோய் என்ன என்பதையும் சேர்த்து நாமே தீர்மானித்துவிடுகிறோம். அந்த இடத்தில்தான் தப்பு நடக்கிறது.

குடியாத்தத்திலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு மாதக்கணக்கில் தலைசுற்றல். மூளை ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, அதில் ஒன்றுமில்லை. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடந்தது. ரத்தச்சோகை. மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு இருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அவருக்குத் தேவைப்பட்டது முதலில் இரும்புச்சத்து மாத்திரை, அப்புறம் ஒரு மகப்பேறு மருத்துவர். இன்னொருவருக்கு முழங்காலுக்குக் கீழே ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டு கிடந்தது. நரம்பு சுருண்டுவிட்டது என்று நினைத்து நரம்பியல் பிரிவில் சீட்டு வாங்கிக் காத்திருந்தார். அதைப் பார்க்க வேண்டியவர் அறுவை சிகிச்சை மருத்துவர்.

அதனால் அவசரமில்லாத எதற்கும் முதல் வாசல், உங்கள் தெருவுக்கோ ஊருக்கோ பக்கத்தில் இருக்கிற எம்.பி.பி.எஸ். அல்லது குடும்ப மருத்துவர்தான் என்று உறுதியாகச் சொல்வேன். உங்கள் அப்பாவுக்குச் சுகர் இருந்ததும், போன வருடம் எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் உங்களுக்கு உடம்பு தடித்தது என்பதும் அவருக்குத் தெரியும். பணம் கொடுத்துப் பார்க்க முடியாதவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. பாகாயத்தில் சாட் ஆஸ்பத்திரி, கே.வி.குப்பம் பக்கம் ரூசா என்று சி.எம்.சி.யின் சமுதாய மருத்துவமனைகளும் இருக்கின்றன. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும் என்றாலும், இங்கிருந்து எழுதிக் கொடுத்த ஒரு கடிதத்தோடு போனால் எந்தப் பிரிவு என்ற குழப்பம் இருக்காது.

சுகர், பிரஷர் இரண்டுக்கும் எடுத்தவுடனே ஸ்பெஷலிஸ்ட் தேவையில்லை. சுகர் இருக்கிறவர்கள் வருடம் ஒரு முறை கண்ணின் விழித்திரையைக் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தது அந்தக் கணக்கில் சேராது. பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதும், சிறுநீரில் புரதம் போகிறதா என்ற டெஸ்ட்டும் அதே மாதிரி வருடாந்திர வேலைகள்.

முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வருகிறார்கள். பெரும்பாலான இடுப்பு வலி சில வாரங்களில், ஓரளவு நடமாட்டத்தோடும் பயிற்சியோடும் தணிந்துவிடும். அங்கே பெரிய உதவி பிசியோதெரபிஸ்ட். கால் தொய்ந்துபோனாலோ, சிறுநீர் கழிப்பதில் சிக்கல் வந்தாலோ, உட்காரும் இடத்தில் மரத்துப்போனாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரங்கள் வேறு சிலவும் உண்டு. அவற்றில் என் கிளினிக் வாசலில்கூட நிற்காதீர்கள். நெஞ்சை அழுத்திப் பிடிக்கிற வலி, கூடவே வியர்வை என்றால் கேஸ் என்று சோடா குடித்து உட்காராமல் இ.சி.ஜி. எடுக்கும் இடத்துக்குப் போங்கள். வாய் ஒரு பக்கம் கோணி, கை தொய்ந்து, பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அதற்கு முன் சி.டி. ஸ்கேனும் எடுக்க வேண்டும். எண்ணெய் தேய்க்க ஆள் தேடுவதில் அந்த நேரம் போய்விடுகிறது. அணைக்கட்டு, ஜவ்வாது மலைப் பக்கத்தில் பாம்பு கடித்தால் கீறவோ, இறுக்கிக் கட்டவோ, மந்திரிக்கவோ வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல், விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்கு 108-ல் கொண்டுபோங்கள்.

நாட்டு மருத்துவம் பற்றிக் கேட்காத நாளில்லை. முறையாக பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டம் படித்து, தமிழ்நாடு சித்த மருத்துவ மன்றத்தில் பதிவு செய்தவர்களை நான் மதிக்கிறேன். அரசு ஆஸ்பத்திரிகளிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது. பெயரில்லாத டப்பாவில் பொடி தருகிறவர்களைத்தான் கண்டு பயப்படுகிறேன். மூட்டுவலிக்கு அப்படி ஒரு பொடி சாப்பிட்டு இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்று சொன்னவர், சில மாதம் கழித்து முகம் வீங்கி, சுகர் ஏறி வந்தார். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்ற சந்தேகம்தான் எங்களுக்கு முதலில் வரும். சித்த மருந்து சாப்பிடுகிறீர்களா, தயங்காமல் எங்களிடம் சொல்லுங்கள். நாங்கள் தருவதை அவர்களிடமும் சொல்லுங்கள்.

மஞ்சள் காமாலைக்கு நாட்டு மருந்தே போதும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பது புரிந்துகொள்ளக் கூடியதே. தண்ணீர் வழியாக வரும் காமாலை, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே வடிந்துவிடும். அந்த நேரத்தில் கொடுத்த வேருக்குப் பேர் கிடைத்துவிடுகிறது. ஆனால் வயதானவருக்குக் காமாலை வந்து, உடம்பெல்லாம் அரிப்பு, மலம் வெளுத்துப் போகிறது, எடை இறங்குகிறது என்றால் பித்தக் குழாய் அடைபட்டிருக்கலாம். கல்லாகவும் இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். அங்கே பத்தியம் இருந்து கழியும் ஒவ்வொரு வாரமும் நஷ்டம். கல்லீரல் டெஸ்ட், வயிற்று ஸ்கேன் இரண்டையும் எடுத்துவிட்டு மற்றதை யோசிக்கலாம்.

எலும்புக் கட்டும் அப்படித்தான். எல்லை தாண்டி ஆந்திராவுக்குப் போய்க் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் நம் பக்கம் நிறைய. முறிந்த எலும்பு பெரும்பாலும் ஒட்டிவிடும். நேராக ஒட்டுகிறதா, மூட்டு மடங்குகிறதா என்பதுதான் கேள்வி. அதிலும் குழந்தைகளின் முழங்கை முறிவு மிக நுட்பமானது, பக்கத்திலேயே ரத்தக்குழாய் ஓடுகிறது. கட்டு யார் போட்டதாக இருந்தாலும் சரி, விரல்கள் நீலம் பூத்து, வீங்கி, வலி ஏறிக்கொண்டே போனால் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

தோலுக்கு மெடிக்கல் ஷாப்பே போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். வெயிலும் வியர்வையும் உள்ள ஊர், படர்தாமரை சகஜம். கடையில் தரும் கலவை ட்யூபில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு உடனே நிற்கும், பூஞ்சை உள்ளுக்குள் பரவும், நிறுத்தினால் இரட்டிப்பாகத் திரும்பி வரும். இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. வெளுத்த அல்லது சிவந்த தேமல், தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் அது தொழுநோயாக இருக்கலாம். தொழுநோய் மருத்துவத்துக்குப் பேர் போன கரிகிரி நம் பக்கத்தில்தான் இருக்கிறது. மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம், முழுசாகக் குணமாகும். நரம்பு கெட்டு விரல் மடங்குவதற்கு முன் போனால் கையும் காலும் தப்பும்.

மனநலத்தைப் பற்றிப் பேசும்போதுதான் எனக்கு அதிக வருத்தம். நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை, செத்துவிடுவோமோ என்ற பயம் என்று வருகிறார்கள். இ.சி.ஜி., எக்கோ, தைராய்டு எல்லாம் சரியாக இருக்கிறது. மனநல மருத்துவரைப் பார்க்கலாமா என்று கேட்டால், "என்னைப் பைத்தியம்னு சொல்றீங்களா?" என்கிறார்கள். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதுவார். உளவியல் நிபுணர் பேச்சின் வழியாகச் சிகிச்சை தருவார், மருந்து எழுத மாட்டார். சிலருக்கு இருவரும் தேவைப்படுவார்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

டாக்டர் உண்மையான டாக்டரா என்று பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். மருந்துச் சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவ மன்றத்தின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். வந்தவர் எல்லாருக்கும் ஊசி, அட்டையில்லாமல் காகிதத்தில் மடித்துத் தரும் கலர் கலர் மாத்திரைகள், சீட்டு எதுவும் எழுதித் தராதது, இவற்றைப் பார்த்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

படித்த டாக்டராகவே இருந்தாலும், கேள்வி கேட்டால் கோபப்படுகிறவரிடம் நீண்ட கால நோய்க்குப் போகாதீர்கள். ஆபரேஷன் என்று சொன்னால், செய்யாவிட்டால் என்ன ஆகும், எவ்வளவு நாள் பொறுக்கலாம், முதலமைச்சர் காப்பீட்டில் வருமா என்று மூன்றையும் கேளுங்கள். இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கப் போவதாகச் சொன்னால் நான் கோபித்துக்கொள்வதில்லை, ரிப்போர்ட்டுகளை அடுக்கிக் கொடுத்து அனுப்புகிறேன். யாரிடம் போனாலும் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும், இப்போது சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடும் எடுத்துக்கொண்டு போங்கள். வெள்ளைக் கலர் சின்ன மாத்திரை என்று சொன்னால் எங்களால் எதையும் கண்டுபிடிக்க முடியாது.