ஓட்டைகளால் ஆன பாவாடை

பாலே நடனக்காரிகள் உடுத்தும் விறைத்த, விரிந்த பாவாடை உடைக்கு டூட்டூ என்று பெயர். பாலே குழுக்களின் உடை அறையில் டூட்டூக்களைப் பெரும்பாலும் தலைகீழாகத்தான் தொங்கவிடுவார்கள். மேற்சட்டை கீழே தொங்கும். பாவாடையோடு சேர்த்துத் தைத்த உள்ளாடை மேலே கொக்கியில் மாட்டியிருக்கும். நடுவில் வெள்ளைத் தாம்பாளம் போலப் பாவாடை. நேராக மாட்டினால் புவியீர்ப்பு அதன் விளிம்பை இரவு பகலாகக் கீழே இழுத்துத் தொய்ய வைத்துவிடும். தலைகீழாக மாட்டினால் அதே இழுப்பு எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது. மேடையில் பட்ட களைப்பைப் பாவாடை தூங்கித் தீர்த்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் பிரெஞ்சு. பின்புறத்தைக் குறிக்கும் கொச்சைச் சொல் குழந்தைகளின் மழலையில் திரிந்து 'டூட்டூ' ஆனது என்பார்கள். 1880-களின் தொடக்கத்தில் அது அச்சில் ஏறியது. நம்ம ஊர்த் துட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் நல்லதாக ஒன்று தைக்க வேண்டுமென்றால் துட்டு நிறையவே வேண்டும்.

சரி, அது எப்படி விழாமல் நிற்கிறது? ஒரு பக்கம் மட்டும் இடுப்பில் பிடிபட்டு, மறுபக்கம் சுமார் 40 செ.மீ. அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது துணி. ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு போடும் கொத்தனாருக்கு இருக்கும் அதே சிக்கல்தான். இப்படி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பட்டையின் நுனி சொந்த எடையால் எவ்வளவு தொய்யும் என்பது நீளத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 20 செ.மீ. பட்டை 1 மி.மீ. தொய்கிறது என்றால், அதே துணியில் 40 செ.மீ. பட்டை 16 மி.மீ. தொய்யும். நீளம் இரண்டு மடங்கு, தொய்வு பதினாறு மடங்கு. இதைச் சமாளிக்கத் துணியின் எடை குறைய வேண்டும், விறைப்பு கூட வேண்டும். ஆனால் விறைப்பான துணி கனமாக இருக்கும், லேசான துணி துவளும்.

இங்கேதான் நெட் துணி வருகிறது. பிரெஞ்சுக்காரர்கள் இதை ஒரு ஊரின் பெயரால் டூல் என்கிறார்கள். கடையில் ஒரு முழம் வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறுகோணக் கண்கள். நூல் கொஞ்சம், மிச்சமெல்லாம் ஓட்டை. சாதாரண நெசவில் நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும். நெட்டில் அவை ஒன்றையொன்று முறுக்கிப் பிடித்திருப்பதால் நழுவ வழியில்லை. எடை போய்விட்டது, வடிவம் மட்டும் நிற்கிறது.

விறைப்புக்கு அந்தக் காலத்தில் கஞ்சி. கஞ்சி போட்ட வேட்டி காலையில் மொடமொடவென்று நின்று, கல்யாணப் பந்தி முடிவதற்குள் துவண்டு போவதை நாம் பார்த்திருக்கிறோம். வியர்வையின் ஈரம் மாவுச்சத்துக்குள் புகுந்து பிடிப்பைத் தளர்த்திவிடும். நாட்டியக்காரியின் இடுப்பில் வியர்வைக்குக் கேட்கவா வேண்டும்? பிற்பாடு வந்த நைலான் நெட்டில் இந்தத் தொல்லை குறைவு.

அடுத்த தந்திரம் சுருக்கு. இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் ஆரம் சுமார் 14 செ.மீ. பாவாடை இன்னும் 40 செ.மீ. நீண்டால், விளிம்பின் சுற்றளவு 340 செ.மீ. வரும். தையற்காரர் அதைவிட நீளமான பட்டையை எடுத்துச் சுருக்கு வைத்து இடுப்புக்குள் அடைக்கிறார். மிச்ச நீளம் எங்கே போகும்? மேலும் கீழுமாக அலையடித்துத்தான் ஆக வேண்டும். அந்த அலைதான் வலு. தட்டைத் தகரத்தை ஒரு கையால் வளைத்துவிடலாம். அதையே நெளி நெளியாக்கிக் கூரை போட்டால் புயலையும் தாங்குகிறது.

அப்புறம் அடுக்குகள். கிடையாக நிற்கும் டூட்டூவில் பத்து, பன்னிரண்டு அடுக்குகள் சாதாரணம். அடியில் இருப்பது ரொம்பக் குட்டை, மேலே போகப் போக நீளம். கீழடுக்கு மேலடுக்குக்கு முட்டுக்கொடுக்கிறது. நடு அடுக்கு ஒன்றில் மெல்லிய எஃகு வளையமும் ஓடும். கடைசியில் எல்லா அடுக்குகளையும் ஆங்காங்கே தளர்வான நூலால் பிணைப்பார்கள். தையற்காரரின் கைப்பக்குவம் தெரிவது இந்த வேலையில்தான். இழுத்துக் கட்டினால் பாவாடை அப்பளம் மாதிரி தட்டையாகிவிடும். அதிகம் விட்டுக்கொடுத்தால் ஒவ்வொரு அடுக்கும் தன் போக்கில் போகும்.

இத்தனை ஓட்டைகளைக் கையால் பின்னுவதென்றால் ஒரு பாவாடைக்கே வருடக்கணக்காகும். 1809-இல் இங்கிலாந்தின் ஜான் ஹீத்கோட் அறுகோண வலையை முறுக்கிப் பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பிழைப்பு போய்விடும் என்று கொதித்து இயந்திரங்களை உடைத்துவந்த தொழிலாளர்களான லட்டைட்டுகள் 1816-இல் லஃப்பரோவில் இருந்த அவருடைய ஆலைக்குள் புகுந்து 55 இயந்திரங்களை நொறுக்கினார்கள். அவர் தெற்கே டிவர்டனுக்குப் போய் மறுபடி தொடங்கினார். அந்த நிறுவனம் இன்றும் இருக்கிறது. 2021-இல் பெர்சிவரன்ஸ் ஊர்தியைச் செவ்வாயில் இறக்கிய பாராசூட்டின் துணி அங்கே நெய்ததுதான்.

பாலேவுக்கு வெள்ளைப் பாவாடை நிலைத்த நாள் என்று 1832 மார்ச் 12-ஐச் சொல்வார்கள். அன்று பாரிஸ் ஓப்பராவில் 'லா சில்ஃபீட்' அரங்கேறியது. காற்றில் வாழும் தேவதையாக மரி தாலியோனி ஆடினார். நடனம் அமைத்தவர் அவருடைய அப்பா ஃபிலிப்போ. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே முடியும் மணி வடிவப் பாவாடை, மெல்லிய வெள்ளைத் துணி அடுக்கடுக்காக. மேடையில் அதற்குப் பத்து வருடம் முன்பே எரிவாயு விளக்கு வந்திருந்தது. கெட்டித் துணியில் ஒளி பட்டுத் திரும்பிவிடும். ஓட்டைத் துணியிலோ கொஞ்சம் சிதறும், மிச்சம் உள்ளே போய் அடுத்த அடுக்கில் சிதறும். எந்த இடத்தில் பாவாடை முடிகிறது, எங்கே காற்று தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. மேகத்துக்கு ஓரம் தெரியாததும் இதனால்தான். தேவதைக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் அதே விளக்கு, அதே ஓட்டை, ஆட்களைக் கொன்றது. விறகுக்கட்டையில் தீக்குச்சியை வைத்தால் லேசில் பற்றாது. அதையே இழைப்புச் சுருளாக்கினால் குபீரென்று பிடிக்கும். ஒவ்வொரு இழையைச் சுற்றியும் காற்று இருக்கும் பருத்தி அடுக்குப் பாவாடை ஏறக்குறைய இழைப்புச் சுருள்தான். 1862 நவம்பர் 15 அன்று பாரிஸ் ஓப்பராவில் ஒத்திகை. தாலியோனியின் மாணவி எம்மா லிவ்ரி மேடைக்குப் போகக் காத்திருந்தபோது பாவாடை எரிவாயுச் சுடரில் பட்டது. தீப்பிடித்தபடி மேடையில் ஓடினார். எட்டு மாதம் வேதனைப்பட்டு 1863 ஜூலையில் இறந்தார். வயது 20.

தடுக்க வழி தெரியாமல் இல்லை. வேதியியலாளர் கே-லூசாக் 1821-லேயே வெண்காரம், அம்மோனியம் பாஸ்பேட் போன்ற உப்புகள் துணியின் தீயை அடக்கும் என்று காட்டியிருந்தார். வெண்காரம் சூட்டில் உருகி இழைமேல் கண்ணாடிப் பூச்சாகப் படிகிறது. பாஸ்பேட், பருத்தியை எரியும் வாயுவாக மாறவிடாமல் கரியாகவும் நீராகவும் மாற்றிவிடுகிறது. லிவ்ரியின் காலத்தில், தீ பிடிக்காதபடி படிகாரம் முதலானவற்றில் முக்கியெடுத்த பாவாடைதான் உடுத்த வேண்டும் என்று அரசு ஆணையே இருந்தது. முக்கியெடுத்த துணி நிறம் மங்கி, மேகத்தன்மை போய்ப் பலகையானது. லிவ்ரி அதை உடுத்த மறுத்திருந்தார். தீக்காயத்தோடு படுத்திருந்தபோதும், அது பாதுகாப்பானதுதான், ஆனால் அவ்வளவு அசிங்கம், மறுபடி ஆட வந்தாலும் போடமாட்டேன் என்று சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. இதைப் பிடிவாதம் என்று தள்ள எனக்கு மனமில்லை. அந்தப் பாவாடை மிதக்காவிட்டால் அவருடைய நடனமே வேறாகியிருக்கும்.

பாவாடை குட்டையாகி மேலே எழும்பியது இத்தாலியப் பெண்களால். காலால் கடினமான வித்தை செய்பவர்கள், அதை மூடி வைக்க விரும்பவில்லை. 1885-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போன விர்ஜீனியா சுக்கி பாவாடையைக் குட்டையாக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார். பத்து வருடம் கழித்து அதே நகரில் பியரினா லெஞானி 'அன்னப் பறவை ஏரி'யில் ஒற்றைக்காலில் நின்று 32 சுற்று சுழன்றார். சுழலும்போது அச்சிலிருந்து தள்ளியிருக்கும் எடைதான் அதிகம் படுத்தும், தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப. விளிம்பில் கனத்த துணி இருந்தால் சுற்றத் தொடங்குவதும் பாடு, நிறுத்துவதும் பாடு. இங்கேயும் ஓட்டைதான் கைகொடுக்கிறது. ஆடுபவர் சட்டென்று நின்ற பிறகும் பாவாடை ஒரு கணம் முன்னும் பின்னும் அசைந்து அடங்குமே, அது நெட்டின் மீள்தன்மை.

காலின் வடிவத்தைக் காட்டவே உடை என்பது நமக்குப் புதிதல்ல. அரைமண்டியில் உட்காரும்போது பரதநாட்டிய உடையின் விசிறி விரிவதும் அதற்குத்தான். அந்த உடையைச் செப்பனிட்டவர்களில் முக்கியமானவரான ருக்மிணி தேவி அருண்டேல், ரஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றவர்.

எஃகு வளையத்துக்கு ஒரு குறை உண்டு. கூட்டமாக ஆடும்போது ஒருத்தியின் விளிம்பு பக்கத்தில் இருப்பவள் மேல் இடித்தால் மறுபக்கம் தட்டு மாதிரி தூக்கும். நியூயார்க்கில் நடன அமைப்பாளர் பாலன்சீனின் பாலேக்களுக்கு உடை தைத்த பார்பரா கரின்ஸ்கா 1950 வாக்கில் வளையத்தையே எடுத்துவிட்டார். குட்டையான சில அடுக்குகளை மட்டும் வைத்துத் தளர்வாகப் பிணைத்தார். பவுடர் பஃப் என்று பெயர், பார்க்கவும் அப்படியே இருக்கும்.

தெருவுக்கு வந்த கதை தனி. 1947-இல் பாரிஸ் உடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் இடுப்பைச் சிறுக்கிப் பாவாடையை விரித்ததும், போர்க்காலத் துணித் தட்டுப்பாட்டில் சலித்திருந்த பெண்கள் அந்த மோகத்தில் விழுந்தார்கள். 1950-களின் விரிந்த கவுன்களைத் தாங்கி நின்றது உள்ளே ஒளிந்திருந்த நெட் அடுக்குகள். இன்று லெஹங்காவுக்குள் வைக்கக் கேன்கேன் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுவும் இதன் உறவுதான். பெயர் மட்டும் இன்னொரு பாரிஸ் நடனத்துடையது.

1998-இல் ஒரு நியூயார்க் தொலைக்காட்சித் தொடரின் தொடக்கக் காட்சிக்காக, உடை வடிவமைப்பாளர் பட்ரீசியா ஃபீல்ட் தள்ளுபடிக் கூடை ஒன்றிலிருந்து 5 டாலருக்கு வெள்ளை டூட்டூ ஒன்றைப் பொறுக்கி எடுத்தார். சாரா ஜெசிக்கா பார்க்கர் அதை உடுத்தித் தெருவில் நடந்தார். எனக்குப் பிடித்தது அதுவல்ல. விக்டர் அண்ட் ரோல்ஃப் என்ற டச்சு வடிவமைப்பாளர் ஜோடி 2010 கோடைக்காக நெட்டை அடுக்கி அடுக்கித் தலையணை கனத்துக்குக் கவுன் செய்தது. அப்புறம் அதில் பெரிய பெரிய வட்டமாகத் துளை போட்டது. அவ்வளவு நெருக்கமாக அடுக்கிய நெட், வெட்டிய இடத்தில் சரியாமல் நுரைப்பஞ்சு மாதிரி நின்றது. உடுத்தியிருந்த பெண் நடந்து வர, துளை வழியாக அவளுக்குப் பின்னால் இருந்த மேடை தெரிந்தது.