கை தூக்கும் லோரிஸ், சுருளும் அழுங்கு

வன உயிரின மருத்துவர் என்றதும் என்னிடம் பலரும் ஆசையாக ஒரு வீடியோவைக் காட்டுவார்கள். பெரிய கண்களுள்ள சிறு விலங்கு ஒன்றுக்கு யாரோ அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுவார். அது இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியபடி இருக்கும். "எப்படி ரசிக்குது பாருங்க!" என்பார்கள். அது ரசிக்கவில்லை, நடுங்கிப்போயிருக்கிறது.

அது ஸ்லோ லோரிஸ், நம் தேவாங்கின் உறவு. வடகிழக்கு இந்தியாவிலிருந்து இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் வரை காடுகளில் வாழ்கிறது. அதன் முழங்கையின் உட்புறம் ஒரு சுரப்பி உண்டு. கையைத் தூக்கினால் அது வாய்க்கு எட்டும். சுரப்பதை நக்கி எச்சிலோடு கலந்தால் நஞ்சாகிவிடும். கடிபட்ட சிலருக்கு உயிரே போகும் அளவு ஒவ்வாமை வரலாம். ஆக, கை தூக்குவது கடிக்கத் தயாராகும் நிலை.

பிடித்து விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் மயக்க மருந்துகூட இல்லாமல் முன்பற்களை வெட்டிவிடுகிறார்கள். ஈறு சீழ்பிடித்துப் பல இறந்துபோகின்றன. பிழைத்தவற்றையும் காட்டில் விடுவது கடினம். மரப்பட்டையைச் சுரண்டிப் பிசின் எடுக்கும் பற்களே அவைதான். பன்னாட்டு வணிகம் 2007 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆனாலும் அந்த வீடியோவைப் பார்த்து 'எனக்கும் ஒன்று வேண்டும்' என்று கேட்க ஆள் இருக்கும்வரை திருட்டுத்தனமாகப் பிடிப்பது நிற்காது. தயவுசெய்து அதைப் பகிராதீர்கள்.

எறும்புத்தின்னி (பாங்கோலின்) எனப்படும் அழுங்கின் கதையும் இதேதான். ஆபத்து என்றால் சுருண்டு பந்தாகிவிடும். புலிக்கும் சிறுத்தைக்கும் எதிராக அந்தச் செதில் கவசம் பெரும்பாலும் போதும். மனிதனோ சுருண்டதை அப்படியே தூக்கிச் சாக்கில் போட்டுக்கொள்கிறான். மருந்தென்று விற்கப்படும் அந்தச் செதிலில் இருப்பது நம் நகத்தில் உள்ள கெரட்டின் என்ற புரதம்தான். எந்த நோய்க்கும் அது மருந்தென்று நிரூபணமாகவில்லை. 2020இல் சீனாவே அதைத் தன் அதிகாரபூர்வ மருந்து நூலிலிருந்து நீக்கியது. பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி போடும் விலங்கு எத்தனை இழப்பைத் தாங்கும்?

சரி, வீட்டருகே அழுங்கு வந்துவிட்டால்? பிரித்துப் பார்க்காதீர்கள். நாயைக் கட்டிவிட்டு, கூட்டத்தை விலக்கி, வனத்துறைக்குச் சொல்லுங்கள். பால், பழம் எதுவும் வேண்டாம். அதன் உணவு எறும்பும் கறையானும்தான். லோரிஸோ தேவாங்கோ என்றால் முகத்தில் டார்ச் அடிக்காதீர்கள், கையால் தொடாதீர்கள். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கடித்தது எந்த விலங்கு என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.