மாசுக் காற்றும் கர்ப்பிணியின் ரத்தக்குழாயும்

"மாசுக் காற்று நுரையீரலுக்குத்தானே போகிறது? அதனால் கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏன் ஏற வேண்டும்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. நுரையீரல் இந்தக் கதையில் வெறும் நுழைவாயில்தான்.

மாசுக் காற்றில் மிதக்கும் பி.எம். 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவும் விட்டமுள்ள நுண்துகள்கள். மூக்கிலும் சளியிலும் சிக்காமல் காற்றுப்பைகள் வரை போய்விடும். அங்கே அழற்சி தொடங்குகிறது, அதன் ரசாயனங்கள் ரத்தத்தில் கலக்கின்றன. மிக நுண்ணிய துகள்கள் தாமே ரத்தத்தில் இறங்குவதும் உண்டு. 2019-இல் பெல்ஜியத்தின் ஹாசெல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புகைபிடிக்காத தாய்மாரின் நச்சுக்கொடியில் கரும்புகைத் துகள்களைக் கண்டார்கள், அதுவும் குழந்தையை நோக்கிய பக்கத்தில்.

கர்ப்பிணி மற்றவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மூச்சை ஆழமாக்குவதால், நிமிடத்துக்கு உள்ளே போகும் காற்று 30 முதல் 50 சதவீதம் கூடுகிறது. ரத்தத்தின் அளவும் கிட்டத்தட்ட பாதி கூடுகிறது. இவ்வளவு கூடினால் அழுத்தம் எகிற வேண்டும் அல்லவா? ஆனால் கர்ப்பத்தின் நடுப்பகுதியில் அது கொஞ்சம் இறங்குகிறது! காரணம், ரத்தக்குழாய்கள் தளர்ந்து இடம் கொடுக்கின்றன. தளர்த்துவதில் பெரும்பங்கு குழாயின் உள்சுவர் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு வாயுவுக்கு. (இந்த வாயு ரத்த ஓட்டத்தில் தூதுவனாக வேலை செய்வதைக் கண்டறிந்ததற்கு ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு.) அழற்சியின்போது பெருகும் சூப்பராக்சைடு என்ற வீரியமான ஆக்ஸிஜன் வடிவம் இந்த வாயுவைப் பிடித்து வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. குழாய் தளர மறுக்கிறது, அழுத்தம் ஏறுகிறது.

இது பாதி பதில்தான். எனக்கு மிகப் பிடித்த பகுதி கர்ப்பப்பைச் சுவரில் இருக்கிறது.

அங்கே சுருள் தமனிகள் என்று மெல்லிய குழாய்கள் உண்டு. சாதாரண நாட்களில் அவை தசைச்சுவர் கொண்டவை, உடல் சொன்னால் சுருங்கும். கரு பதிந்ததும் நச்சுக்கொடியிலிருந்து டிரோஃபோபிளாஸ்ட் என்ற செல்கள் கிளம்பித் தாயின் திசுவுக்குள் புகுந்து இந்தத் தமனிகளைத் தேடிப் போகின்றன. போய், தசையைக் கரைத்து, உள்சுவரை அகற்றி, அந்த இடத்தில் தாமே உட்கார்ந்துகொள்கின்றன. இனி அந்தக் குழாயைத் தாயின் உடல் சுருக்கச் சொன்னாலும் அது சுருங்காது. வாய்ப்பகுதி பல மடங்கு அகன்றுவிடுவதால், பாய்ந்து வந்த ரத்தம் மலையாறு சமவெளிக்கு வந்ததுபோல நிதானமாகி நச்சுக்கொடியின் மென்மையான இழைகளை நனைக்கிறது. மரபணுவில் பாதி அந்நியமான செல்கள் இப்படிப் புகுந்து கட்டுமானத்தையே மாற்றுகின்றன, தாயின் நோய் எதிர்ப்பு மண்டலமோ அதற்கு ஒத்துழைக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

இந்த வேலை சுமார் 20 வாரங்களுக்குள் முடிந்துவிடும். அரைகுறையாக நின்றுபோனால் தமனி குறுகலாகவே இருக்கும். நச்சுக்கொடி ஆக்ஸிஜனுக்குத் தவித்து, எஸ்எஃப்எல்டி-1 என்ற புரதத்தைத் தாயின் ரத்தத்தில் கொட்டுகிறது. ரத்தக்குழாயின் உள்சுவரை நலமாக வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணிகளை அது பிடித்து முடக்கிவிடும். விளைவு, 140/90-ஐத் தாண்டும் அழுத்தம், சிறுநீரில் புரதம், சிலருக்குக் கல்லீரல், மூளை வரை பாதிப்பு. இதுதான் பிரீஎக்லாம்ப்சியா. பிரசவத்தோடு எல்லாம் முடிந்துவிடுவதும் இல்லை: இது வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதயநோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு.

சரி, தூசிக்கு இதில் என்ன பங்கு? ஆய்வகத்தில் டிரோஃபோபிளாஸ்ட் செல்கள்மேல் நுண்துகள்களை விட்டுப் பார்த்தால், அவை ஊடுருவும் திறன் குறைகிறது. மாசு கூடிய இடங்களில் கர்ப்பகால ரத்த அழுத்தம் அதிகம் என்று பல மக்கள்தொகை ஆய்வுகள் சொல்கின்றன, சில ஆய்வுகளில் தொடர்பு தெளிவாக இல்லை. குவாத்தமாலா, இந்தியா, பெரு, ருவாண்டாவில் நடந்த ஹேப்பின் ஆய்வில் சுமார் 3,200 கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு விறகடுப்புக்குப் பதில் கேஸ் அடுப்பு தரப்பட்டது. அவர்கள் சுவாசித்த புகை வெகுவாகக் குறைந்தது. நச்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறைந்தால் குழந்தையின் எடையும் குறையலாம் என்பதால் அதையும் அளந்தார்கள். ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

உடனே "அப்போ புகையால் ஒன்றுமில்லை" என்று முடிவுகட்டக் கூடாது. அந்தப் பெண்கள் ஆய்வில் சேர்ந்தது 9 முதல் 20 வாரங்களுக்குள். தமனிகளின் மாற்றம் அதற்குள் பாதிக்குமேல் நடந்திருக்கலாம். அடுத்த பெரிய ஆய்வு கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. செலவு அதிகம், ஆண்டுகள் பிடிக்கும், நிதி தருபவர்கள் தயங்குவார்கள். கர்ப்பிணிகளை மருத்துவ ஆய்வுகளிலிருந்து தள்ளிவைக்கும் பழைய பழக்கமும் சேர்ந்துகொள்ளும். ஆனால் ஒன்பதாம் வாரத்துக்குப் பிறகு அடுப்பை மாற்றிவிட்டு முதல் வாரங்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொள்வது?

மருத்துவர்கள் இந்த நாட்காட்டியை ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள். பிரீஎக்லாம்ப்சியா வரும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினை 12 வாரங்களுக்குப் பிறகு, முடிந்தால் 16 வாரங்களுக்குள் தொடங்குகிறார்கள். யாருக்குத் தேவை என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும், தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. அதனால் முதல் பரிசோதனைக்குச் சீக்கிரம் போங்கள், அன்றே ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள், வீட்டிலோ வேலையிடத்திலோ புகை அதிகமென்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.