ஸ்கேனில் தெரியாத நோய்

மனநலப் பிரிவுக்கு வருபவர்களில் பலர், மனம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. உடம்பெல்லாம் வலி, தலை பாரம், சாப்பாடு இறங்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றுதான் தொடங்குவார்கள். ஈசிஜி, எண்டோஸ்கோப்பி, தலை ஸ்கேன் எல்லாம் எடுத்து முடித்திருப்பார்கள். "எல்லாம் நார்மல்தான் டாக்டர், சும்மா படுத்தே கிடக்கிறாள்" என்பார் கூட வந்தவர். நோயாளியின் வலி பொய்யல்ல. மனச்சோர்வு நோய் தூக்கத்தையும் பசியையும் மாற்றுகிறது; வலியைக் கூட்டிக் காட்டுகிறது.

நான் முதலில் தூக்கத்தைப் பற்றிக் கேட்பேன். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, பிறகு தூக்கமில்லை, காலைப்பொழுதுதான் மிகக் கொடுமை, மாலையில் கொஞ்சம் தேவலாம் என்று ஒருவர் சொன்னால் எனக்குச் சந்தேகம் வலுக்கும். கடுமையான மனச்சோர்வில் அடிக்கடி காணும் போக்கு இது. அடுத்து, முன்பு விரும்பிச் செய்தவை இப்போது பிடிக்கின்றனவா என்று கேட்பேன். பேரக்குழந்தை மடியில் ஏறினாலும் ஒன்றும் தோன்றவில்லை என்பார்கள். அழுகையைவிட இந்த வெறுமையை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். பலருக்கு அழுகையே வராது. ஆண்களில் சிலருக்கு எரிச்சலாகவும் குடியாகவும் வெளிப்படும்; முதியவர்களிடம் மறதிபோலத் தோன்றும். இவை இரண்டு வாரங்களுக்கு மேல், ஏறக்குறைய நாள் முழுவதும் நீடித்து அன்றாட வேலையைக் கெடுத்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும் இதேபோல் சோர்வைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் தேவை.

பிரசவித்த பெண் சில நாள்கள் காரணமின்றிக் கலங்குவது இயல்பு. அது இரண்டு வாரம் தாண்டியும் தொடர்ந்தால், குழந்தை பெற்ற அசதி என்று தயவுசெய்து ஒதுக்கிவிடாதீர்கள்.

"நான் எல்லாருக்கும் பாரம்" என்று ஒருவர் சொன்னால், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பெரும்பாலோர் கேட்டதும் ஆறுதலடைவதைத்தான் பார்க்கிறேன். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் வீட்டிலிருந்து அகற்றி, அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். போலீஸ் கேஸாகுமோ என்று தயங்கி முயற்சியை மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்.

லேசான நிலையில் உளவியல் ஆலோசனையே போதுமானதாக இருக்கலாம். மாத்திரை தொடங்கினால் பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். பத்தாம் நாளே நிறுத்திவிட்டு, ஒன்றும் கேட்கவில்லை என்று வருபவர்கள் ஏராளம். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நிறுத்துவதை மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகச் செய்ய வேண்டும். பழகிவிடும் என்ற பயம், மருந்துக்கடையில் தாமாக வாங்கிப் போடும் தூக்க மாத்திரைகளுக்குத்தான் பொருந்தும். மனச்சோர்வு மருந்துகள் அப்படி அடிமையாக்குவதில்லை.

மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபர் முதல் இயங்கும் டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையில் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். நோயாளி மறுத்தால் வீட்டார் அழைத்து வழி கேட்கலாம்.