குளிர் வருமுன்: எதை அடைப்பது, எதை விட்டுவைப்பது

தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிரும் ஊர்களில், வீட்டைக் குளிருக்குத் தயார் செய்வது என்றதும் பலர் சிலிக்கான் குழலும் கையுமாகக் கிளம்பி, கண்ணில் படும் ஓட்டையையெல்லாம் அடைத்துவிடுகிறார்கள். சில ஓட்டைகள் காற்றைத் திருடுகின்றன. அவற்றை அடைக்கத்தான் வேண்டும். சில ஓட்டைகள் தெரிந்தே விடப்பட்டவை. அவற்றை அடைத்தால் சுவர் ஊறும், கூரை ஒழுகும், சில வீடுகளில் உயிருக்கே ஆபத்து வரும். நடுக்குளிரில் பழுதுக்கு அழைப்பு வரும் வீடுகளில் இந்த இரண்டையும் மாற்றிச் செய்திருப்பதைத்தான் அடிக்கடி பார்க்க முடிகிறது.

முதலில் தண்ணீர். உறையும்போது தண்ணீரின் பருமன் சுமார் 9 சதவீதம் கூடுகிறது. ஆனால் பைப் பெரும்பாலும் உறைந்த இடத்திலேயே பிளப்பதில்லை. பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர், கட்டி வளர வளர நெருக்கப்படுகிறது. போக்கிடம் இல்லாமல் அழுத்தம் ஏறி, எந்த இடம் பலவீனமோ அங்கே பிளக்கிறது. கடுங்குளிர் இரவில் குழாயை நூல்போல ஒழுகவிடுவது இதற்காகத்தான். தண்ணீர் ஓடிக்கொண்டிருப்பது உறைவதைத் தாமதப்படுத்தும். அதைவிட முக்கியம், அழுத்தம் வெளியேற ஒரு வழி கிடைப்பது.

அதிகம் பாழாவது தோட்டத்துக் குழாய். முதல் உறைபனிக்கு முன்பே ஹோஸைக் கழற்றிவிடுங்கள். வீட்டுக்குள் அந்தக் குழாய்க்கென்று இருக்கும் வால்வை மூடுங்கள். வெளியே போய்க் குழாயை முழுவதும் திறந்து வடியவிடுங்கள். உள் வால்வின் பக்கவாட்டில் சின்ன மூடி ஒன்று இருந்தால், கீழே ஒரு கிண்ணம் வைத்து அதையும் திறங்கள். காற்று உள்ளே போனால்தான் பைப்பில் தங்கிய தண்ணீர் முழுதாக இறங்கும். வடிந்ததும் சின்ன மூடியை மூடிவிட்டு, வெளிக்குழாயைத் திறந்தபடியே விடுங்கள்.

“எங்கள் வீட்டில் இருப்பது உறையாத வகைக் குழாய்” என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அந்த வகையில் தண்ணீரை அடைக்கும் வாஷர் வெளியே இல்லை. நீண்ட தண்டின் உள்முனையில், வீட்டின் சூடான பக்கத்தில் இருக்கிறது. மூடியதும் தண்டுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே வடிந்துவிடும். ஹோஸ் மாட்டியே இருந்தால் அது வடியாது. தண்டு சுவருக்குள் பிளக்கும். வாஷர் உள்ளே அடைத்துக்கொண்டிருப்பதால் குளிர்காலம் முழுக்க ஒரு சொட்டும் கசியாது. வெயில் வந்து செடிக்குத் தண்ணீர் விடக் குழாயைத் திறக்கும் அன்றுதான் சுவருக்குள் வெள்ளம் பாயும்.

பைப்புக்குப் போடும் ஸ்பாஞ்ச் உறை வெப்பம் தராது, குளிர்வதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். வெளிச்சுவரை ஒட்டிய சிங்க்கின் கீழ் அலமாரிக் கதவைக் கடுங்குளிர் நாளில் திறந்துவைப்பது பல நேரம் அதைவிட உதவும். உறைந்துவிட்டால் குழாயைத் திறந்துவைத்து, குழாய்ப் பக்கத்திலிருந்து கட்டியை நோக்கி முடி உலர்த்தும் டிரையரால் சூடேற்றுங்கள். நெருப்பைக் கிட்டே கொண்டுபோகவே கூடாது. மெயின் வால்வு எங்கே இருக்கிறது, கையால் திருகினால் திரும்புகிறதா என்பதை வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் இப்போதே பார்த்துவைக்க வேண்டும்.

அடுத்தது காற்று. காற்றடிக்கும் நாளில் ஜன்னல், கதவுகளை மூடி, சமையலறை, குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன்களை ஓடவிடுங்கள். அதற்கு முன் கேஸில் எரியும் ஹீட்டர்களை அணைத்துவிடுங்கள். ஃபேன்கள் புகையை வீட்டுக்குள் இழுத்துவிடக்கூடும். ஓர் ஊதுபத்தியைச் சட்டங்களின் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். புகை நேராக எழாமல் எங்கே சாய்கிறதோ அங்கே கசிவு. ஜன்னலைவிட, கூரைக்கு அடியிலுள்ள பரணுக்கு ஏறும் மூடியின் ஓரத்திலும், தரைக்கும் சுவருக்கும் இடையிலும், பைப் சுவரைத் துளைத்துப் போகும் இடத்திலும் அதிகம் சாயும். கதவுக்கு ஒரு காகிதத் துண்டு போதும்: இடையில் வைத்துச் சாத்தி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ஓர ரப்பர் தேய்ந்துவிட்டது. 6 மி.மீ.க்கு மேல் அகலமான இடுக்கில் ஃபோம் கயிற்றை அழுத்திவிட்டு, அதன்மேல் அடைப்புப் பூச்சைப் பூச வேண்டும். வெறும் பூச்சு மட்டும் போட்டால் விரிசல் விடும். சாதாரண பூச்சுகள் 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே சரியாகப் பிடிக்காது, ஆகவே இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி, கை வைக்கக் கூடாதவை. ஜன்னல் சட்டத்தின் அடியில் வெளிப்பக்கம் சின்னச் சின்னப் பிளவுகள் இருக்கும். செங்கல் முகப்பின் அடிவரிசையில் சாந்து பூசாத இணைப்புகள் இருக்கும். இரண்டும் உள்ளே புகுந்த மழைநீர் வெளியேறும் வழிகள். அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தங்கி, உறைந்து, சட்டத்தையும் செங்கல்லையும் உடைக்கும்.

எல்லாவற்றையும்விடக் கவலை தருவது, கேஸ் ஹீட்டர் இருக்கும் அறையின் காற்றுத் துவாரம். அதன் வழியே குளிர் வருகிறதென்று பழைய துணியைத் திணித்துவிடுகிறார்கள். அறைக் காற்றை எடுத்து எரியும் ஹீட்டருக்கு அந்தத் துவாரம்தான் மூச்சு. காற்றுப் போதாவிட்டால் கேஸ் முழுதாக எரியாது, கார்பன் மோனாக்சைடு உண்டாகும்; புகைபோக்கியில் ஏற வேண்டிய புகை அறைக்குள் வழியும். நிறமும் மணமும் இல்லாத வாயு அது. தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்து, வெளியே போனால் தெளிகிறதென்றால் சாதாரணக் காய்ச்சல் என்று படுத்துவிடாதீர்கள்.

மேலே திறந்த குடை போன்ற தகடு வைத்த வாட்டர் ஹீட்டரை ஊதுபத்தியாலேயே சோதிக்கலாம். எரியத் தொடங்கி 5 நிமிடம் கழித்து, தகட்டின் விளிம்பருகே பிடியுங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். வெளியே தள்ளப்பட்டால் ஹீட்டரை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்து, பழுது பார்க்கும் ஆளை அழையுங்கள். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாகத் தளர்ந்து எரிந்தாலும் அப்படியே. ஒவ்வொரு மாடியிலும், படுக்கையறைகளுக்குப் பக்கத்திலும் கார்பன் மோனாக்சைடு டிடெக்டர் இருக்க வேண்டும். அதன் பொத்தானை அழுத்தினால் கத்துவது மின்சுற்று வேலை செய்கிறது என்பதை மட்டுமே காட்டும். வாயுவை உணரும் பகுதி உயிரோடு இருக்கிறதா என்று காட்டாது. மாடலைப் பொறுத்து அதன் ஆயுள் 5 முதல் 10 வருடம். பின்பக்கத்துத் தேதியைப் பாருங்கள்.

சூடேற்றும் கருவியில் நீங்களே செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஃபர்னஸ் (காற்றைச் சூடாக்கி வீடெங்கும் அனுப்பும் கருவி) என்றால் ஃபில்டரை மாற்றுங்கள். அம்புக்குறி ஃபர்னஸை நோக்கி இருக்க வேண்டும். தூசி அடைத்த ஃபில்டரால் காற்றோட்டம் குறைந்து உள்ளே சூடேறும், பாதுகாப்பு ஸ்விட்ச் நெருப்பை அணைக்கும், ஃபர்னஸ் எரிந்து எரிந்து அணையும். ரேடியேட்டர் (சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் தகடு) மேலே குளிர்ந்தும் கீழே சூடாகவும் இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. சூடேற்றியை அணைத்து ஆறவிட்டு, அதன் காற்று வால்வை அதற்கான சாவியால் கால் சுற்று திருப்புங்கள். ‘உஸ்’ சத்தம் நின்று தண்ணீர் வந்ததும் மூடுங்கள். கீழ்த்தளத்திலிருந்து தொடங்குங்கள். ரேடியேட்டருக்குச் சுடுநீர் தரும் வழக்கமான வீட்டு பாய்லர்களில் ஆறிய நிலையில் அழுத்தம் 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும்; குறைந்திருந்தால் நிரப்புங்கள்.

இலையெல்லாம் உதிர்ந்து முடிந்த பிறகு கூரை ஓரத்துப் பீலிகளைச் சுத்தம் செய்யுங்கள். பாதியில் செய்தால் திரும்பவும் ஏற வேண்டிவரும். கூரை விளிம்பில் பனிக்கட்டி அணைபோலத் திரண்டு, தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறுவதற்குப் பீலியைத்தான் குறை சொல்கிறார்கள். உண்மையில் வீட்டுச் சூடு பரணுக்குக் கசிந்து, கூரைமேல் பனியை உருக்குகிறது. உருகிய நீர் குளிர்ந்த விளிம்புக்கு வந்து மறுபடி உறைகிறது. ஆகவே பரணின் தரையில் உள்ள இடுக்குகளை முதலில் அடைத்து, அப்புறம் சூடு கசியாமல் காக்கும் பஞ்சை நிரப்புங்கள். பஞ்சு கூரை விளிம்பின் காற்றுத் துவாரங்களை மூடக் கூடாது. குளியலறை ஃபேனின் குழாய் பரணில் முடிந்தால் அந்த ஈரமெல்லாம் மரத்தில் படியும். அதை வெளியே கொண்டுபோக வேண்டும்.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதானால், சூடேற்றியை 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறக்காதீர்கள். அதை முழுக்க அணைத்துவிட்டுப் போவதென்றால் முதலில் வாட்டர் ஹீட்டரின் மின்சாரத்தையோ கேஸையோ நிறுத்துங்கள். தண்ணீரில்லாமல் மின்சாரம் பாய்ந்தால் அதன் சூடேற்றும் சுருள் கருகிவிடும். பிறகு மெயின் வால்வை மூடி, உயரத்துக் குழாயையும் தாழ்வான குழாயையும் திறந்து வடியவிடுங்கள். கழிவறை ஃப்ளஷ் தொட்டியைக் காலி செய்யுங்கள். ஹீட்டர் தொட்டியையும் வடிக்க வேண்டும். ரேடியேட்டர் இருந்தால் அதன் தண்ணீரை வடிப்பதை அந்த வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். சிங்க், கழிவறைகளின் வளைகுழாயில் நிற்கும் தண்ணீர் சாக்கடை வாயுவைத் தடுக்கும் மூடி. அது உறைந்தால் வளைவு உடையும், முழுதாக வடித்தால் வாயு வீட்டுக்குள் ஏறும். அதற்குப் பதிலாகப் பிளம்பிங்குக்கென்று விற்கும் புரோப்பிலீன் கிளைக்கால் திரவத்தை ஊற்றுங்கள். கார் ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் கொடிய விஷம். அது இந்த வேலைக்கு ஆகாது.