லேசான கூரைக்கு அஸ்திவாரம் எதற்கு?

இந்த மழைக்காலத்தில் காற்று பிடுங்கிய குடில்களில் இது மூன்றாவது. செங்கல்பட்டு பக்கம் ஒரு வீட்டுத் தோட்டம். பத்துக்குப் பன்னிரண்டு அடியில், பாலிகார்பனேட் ஷீட் போட்ட பசுமைக்குடில். நான் போனபோது அது பக்கத்து மனையில் குப்புறக் கிடந்தது. நான்கு ஜி.ஐ. பைப்பின் அடியிலும் ஆளுக்கொரு கான்கிரீட் கட்டி, பிடுங்கிய முள்ளங்கியில் மண் ஒட்டியிருப்பது போல.

“மொத்தமே இருநூறு கிலோ இருக்காது சார். ஓரடிக் குழி போதும்னு வெல்டர் சொன்னார்” என்றார் வீட்டுக்காரர்.

இதே வசனத்தை எத்தனை முறைதான் கேட்பது! வீட்டின் அஸ்திவாரம் கனத்தைத் தாங்குவதற்கு. குடிலுக்கோ அது மாடு கட்டுகிற முளை. ஓடிவிடாமல் பிடித்து வைக்க வேண்டும். எடை குறையக் குறைய முளை பலமாக வேண்டும். காற்று கூரையை அமுக்கும் என்று நினைக்கிறார்கள். கதவு வழியாகப் புகுந்த காற்று கீழிருந்து தள்ளும், மேலே ஓடுகிற காற்று உறிஞ்சும். இரண்டும் சேர்ந்தால் கூரை எழும்பத்தான் செய்யும்.

சரி, தோராயமாகக் கணக்கே போடுவோம். ஐ.எஸ். 875 என்ற இந்தியக் கட்டட விதிநூல்படி சென்னைக்குக் கணக்கில் எடுக்க வேண்டிய அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம். இவர் கூரை 11 சதுர மீட்டர். ஒன்றரை டன்னுக்கு மேல் தூக்கும். ஓரடிக் கன சதுரக் கான்கிரீட் 70 கிலோ. நான்கும் குடிலும் சேர்ந்து ஐந்நூறைத் தொடாது. கோவை, மதுரைக்காரர்கள் சிரிக்க வேண்டாம். அங்கே 39 மீட்டர், அதுவே ஒரு டன் தூக்கும்.

இந்த அளவுக் குடிலுக்கு ஆறு கால் வையுங்கள். குழி ஒன்றரை அடிச் சதுரம், இரண்டரை அடி ஆழம். பைப்பின் அடியில் குறுக்கே ஒரு கம்பித் துண்டை வெல்டு செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் வழவழப்பான பைப் மட்டும் உருவிக்கொண்டு வந்துவிடும். கான்கிரீட்டைத் தரைக்கு மேல் நான்கு அங்குலம் எடுத்து, தண்ணீர் நிற்காமல் சரித்து முடியுங்கள். பைப் துருப்பிடிப்பது அந்தக் கழுத்தில்தான். கரிசல் மண், புதிதாகக் கொட்டிய மண் என்றால் இந்த அளவு செல்லாது, விவரம் தெரிந்த பொறியாளரைக் கூப்பிடுங்கள். உள்ளே முழுக்கத் தளம் போடாதீர்கள். நடக்க ஒரு பாதை, மீதி ஜல்லி.

மொட்டை மாடி என்றால் எனக்குக் கூடுதல் பயம். கைப்பிடிச் சுவர் பெரும்பாலும் நாலரை அங்குலச் செங்கல்; தயவுசெய்து அதில் கட்டாதீர்கள். தட்டோட்டைத் துளைத்து போல்ட் அடிப்பவரை மாடியிலேயே ஏற்றாதீர்கள். தண்ணீர் அந்த ஓட்டையில் இறங்கி, ஓட்டுக்கு அடியிலேயே ஓடி, பத்தடி தள்ளிப் படுக்கையறையில் சொட்டும். எங்கே கசிகிறது என்று அப்புறம் நாங்கள்தான் தேட வேண்டும். வீடு இப்போதுதான் கட்டுகிறீர்களா? தட்டோடு பதிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். குடில் காலைப் பிடிக்க, தூண் தலைக்கு மேல் நான்கு கம்பியை விட்டு வைப்பது எங்களுக்கு அரை நாள் வேலை.